கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வந்த வலி: உங்களுக்கு எப்படி?

செங்காங் அம்மா:
2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக இங்கே சிங்கப்பூரில் எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்களே, அப்போது ஆரம்பித்தது. ஓர் அறையில் கணவர், இன்னொன்றில் பிள்ளைகளின் இணையப் பாடம். எனக்கு மிஞ்சியது சாப்பாட்டு மேசை. ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் அலுவலகம் கூப்பிடவில்லை, அதே மேசையில் தொடர்ந்தேன்.

ஒரு நாள் காலை மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். சடையின் நடுப்புரி கைவிரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பஞ்சு சுற்றியது போல இருந்தன. "அம்மா, இறுக்கிப் பிடிங்க" என்கிறாள். நான் இறுக்கித்தான் பிடித்திருக்கிறேன்!

மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள் பலதுறை மருந்தகத்தில். மேசை உயரம், அதனால் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி, கையை மேலே மடக்கியே மாதக்கணக்கில் தட்டியிருக்கிறேன். இரவில் பட்டை கட்டித் தூங்கி, தனி விசைப்பலகை வாங்கி, இப்போது பரவாயில்லை. ஆனால் அந்தக் காலை மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி வந்ததா?

ஈசூன் 148:
அக்கா, எனக்குக் கையில் இல்லை, காலில். என் உயரம் 148 செ.மீ. அலுவலக மேசை 73, ஏற்ற இறக்க முடியாது. கைக்குத் தோதாக நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும். இறக்கினால் தோள் காதைத் தொடும். நான் கால் தொங்கட்டும் என்று இருந்துவிட்டேன். நாற்காலி விளிம்பு தொடையை அழுத்தி, சாயங்காலம் செருப்பு வார் போட முடியாத அளவுக்குப் பாதம் வீங்கும்.

எங்கள் மாடியைத் துப்புரவு செய்யும் மலாய்க்கார மக்சிக் (மலாயில் 'அத்தை' மாதிரி) ஒருநாள் மேசைக்கடியில் கூட்ட வந்தார். என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிரிக்காத ஏ4 தாள்கட்டு இரண்டைக் கொண்டுவந்து அடியில் வைத்து, "தாரோ காக்கி சினி" என்றார். காலை இங்கே வை, அவ்வளவுதான். ஒரு வருடம் அங்கே வேலை பார்த்தேன், மேலாளர் உட்பட ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

ஜூரோங்காரன்:
எனக்கு மரத்துப்போனது சுண்டுவிரலும் மோதிரவிரலும். கெட்டியான கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டே இருந்ததால் வந்தது. கைப்பிடியைக் கழற்றிய பிறகு மெல்லச் சரியாயிற்று.

ஆனால் தாள்கட்டு, தலையணை என்று ஒப்பேற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அலுவலக இருக்கை, மேசை பற்றி எஸ்எஸ் 514 என்ற சிங்கப்பூர்த் தரநிலையே இருக்கிறது, அதைச் சொல்லிக் கால்பலகை கேளுங்கள். அப்புறம், முதலில் நாற்காலியைச் சரிசெய்யுங்கள், மேசையை அல்ல. இடுப்பு முதுகுச்சாய்வைத் தொடட்டும். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். தோள் தளர்ந்து, முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் இருக்கட்டும். திரை ஒரு கை நீளத் தூரத்தில், மேல்விளிம்பு கண்மட்டத்தில். மடிக்கணினி என்றால் உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை, தனி மவுஸ். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். ஏர்கான் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது, கண் காய்ந்துவிடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர் புளோக் போதும். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரைமணிக்கு ஒருதரம் எழுந்துவிடுங்கள்.

பீஷான் மாமா:
தம்பி, மற்றதெல்லாம் சரி. மேல்விளிம்பு கண்மட்டத்தில் என்று எல்லாருக்கும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுத்தான் நான் ஆறு மாதம் அவதிப்பட்டேன். வயது 58. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். மகன் திரையை ஒரு பெட்டிமேல் ஏற்றிக் கொடுத்தான். தேக்கா ஈரச்சந்தையில் ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட, திரும்பினேன். கழுத்திலிருந்து காதுவரை சுரீர் என்று இழுத்தது, கீரைப்பை கையைவிட்டு விழுந்துவிட்டது.

பிசியோவுக்குப் போனேன், வலி திரும்ப வந்தது. கடைசியில் கண்ணாடிக்கடைப் பெண்தான், "திரையை எப்படிப் பார்ப்பீர்கள், காட்டுங்கள் அங்கிள்" என்றார். காட்டினேன். மோவாய் மேலே போயிருந்தது. கிட்டத்தில் பார்க்கும் பகுதி லென்ஸின் கீழே இருப்பதால், அதன் வழியாகப் பார்க்க நாள் முழுக்கத் தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறேன். அன்றைக்கே பெட்டியை எடுத்தேன். திரை தாழ்ந்தது, கழுத்தும் இரண்டு வாரத்தில் விட்டது.

ஈசூன் 148:
ஜூரோங் அண்ணா, கேட்டேன். மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மக்சிக் வைத்தது ஒரே நிமிடத்தில்.

செங்காங் அம்மா:
மாமா, இதைப் படித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்கும் அதே மாதிரி கண்ணாடி. திரையை இரண்டு பழைய தொலைபேசிப் புத்தகத்தின்மேல் வைத்ததே நான்தான். சனிக்கிழமை போகிறேன், எடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.