மறு: டீப் ஸ்லீப் – அறிதுயிலா, ஆழ்துயிலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விலை குறைந்த வைஃபை பலகைகளின் (வைஃபை சில்லு பொருத்திய சிறு மின்னணுப் பலகைகள்) ஒப்பீட்டுக் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறோம். பேட்டரியை மிச்சப்படுத்தச் சில்லு பெரும்பகுதி அணைந்து கிடக்கும் நிலையான ‘டீப் ஸ்லீப்’ வரும் இடங்களில் ‘அறிதுயில்’ போடலாம் என்று அக்கா எழுதியிருந்தார். அழகான சொல். திருவட்டார் ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன் நான். 22 அடி நீளத்துக்குக் கிடக்கும் அந்தக் கோலத்துக்கு வேறு பெயர் எனக்குத் தோன்றாது. ஆனாலும் டீப் ஸ்லீப்புக்கு அது வேண்டாம். கண் மூடியிருந்தாலும் எல்லாம் அறிந்திருப்பதுதானே அறிதுயில்? டீப் ஸ்லீப்பில் சில்லு (சிப்) கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

குலசேகரத்தில் எங்கள் ரப்பர் ஷீட் புகை அறைக்குக் கரண்ட் லைன் கிடையாது. உள்ளே ஒரு வெப்ப உணரி. வெளிச்சுவரில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈஎஸ்பி8266 சில்லு உள்ள நோட்எம்சியு பலகை, ஒரு 18650 வகை லித்தியம் பேட்டரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெப்பநிலையை அனுப்பிவிட்டுத் திரும்ப உறங்க வேண்டும். எத்தனையாவது அளவீடு என்ற எண்ணையும் சேர்த்து அனுப்பும்படி எழுதியிருந்தேன். ராத்திரி முழுக்கப் போனில் வந்தது 1, 1, 1. இரண்டு நாள் நிரலைக் குடைந்த பிறகுதான் புரிந்தது: உறங்கும்போது முதன்மை நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. எழுவது என்றால் ரீசெட் ஆவதுதான். ஈஎஸ்பி8266-இல் டி0 என்ற இணைப்பு முனையிலிருந்து ரீசெட் முனைக்கு வயர் போடுவதே அதற்காகத்தான். நிரல் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறது.

‘லைட் ஸ்லீப்’ என்ற லேசான உறக்கத்தில் நினைவகம் அப்படியே இருக்கும்; விட்ட இடத்திலிருந்து நிரல் தொடரும். அறிதுயில் அதற்கு உரிய பெயர். டீப் ஸ்லீப்புக்கு ‘ஆழ்துயில்’ என்பதே என் முன்மொழிவு.

டீப் ஸ்லீப்புக்கு ‘உறக்கநிலை’ என்று போடலாமா என்று கேட்ட ஐயாவுக்கு: இன்னொரு வைஃபை சில்லான ஈஎஸ்பி32-இன் தரவுத்தாளில் (டேட்டாஷீட்) ‘ஹைபர்னேஷன்’ என்ற இன்னும் ஆழமான உறக்கம் தனியாகவே வருகிறது. லைட் ஸ்லீப்பில் 0.8 மில்லிஆம்ப், டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோஆம்ப், ஹைபர்னேஷனில் 5 மைக்ரோஆம்ப். கணினியில் பழகிவிட்ட உறக்கநிலையை அந்த மூன்றாவதற்கே வைத்துக்கொள்வோம். 2022-இல் வந்த பைகோ டபிள்யூ பலகையின் ‘டார்மன்ட்’ என்ற உறக்கம் இன்னொரு வகை: கடிகாரங்கள் நிற்கும், நினைவகம் அழியாது. அதற்கும் ஒரு சொல் தேட வேண்டும்.

கட்டுரையின் மின்னோட்ட அட்டவணையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எண்கள் வெறும் சில்லுக்கு உரியவை. 8266 சில்லு ஆழ்துயிலில் 20 மைக்ரோஆம்ப்தான் எடுக்கும். ஆனால் நோட்எம்சியு பலகையில் யுஎஸ்பி சில்லும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் உறங்காமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க, ‘சில்லின் ஆழ்துயில் மின்னோட்டம்’, ‘பலகையின் ஆழ்துயில் மின்னோட்டம்’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

——

அக்காவின் பதில்:

தம்பி,

ஒத்துக்கொள்கிறேன், ஆழ்துயிலே இருக்கட்டும். ஹிப்னாசிஸுக்கும் அறிதுயில் என்று எழுதுகிறார்கள். துறை வேறு என்பதால் குழப்பம் வராது.

உன் 1, 1, 1-க்கு வழி இருக்கிறது. ஆழ்துயிலிலும் அழியாத சிறு நினைவகம் ஒன்று உண்டு: 8266-இல் நம் பயன்பாட்டுக்கு 512 பைட், ஈஎஸ்பி32-இல் 16 கிலோபைட். எண்ணிக்கையை அதில் எழுதிவிட்டு உறங்க வை. எங்கள் அம்மா டார்ச்சையும் தண்ணீர்ச் செம்பையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். இருட்டில் எழுந்தால் கை நேராக அதற்குத்தான் போகும். ‘தலைமாட்டு நினைவகம்’ என்று சொல்லலாமா? ஐயா என்ன சொல்கிறார்கள்?