தொட்டியில் அகபாந்தஸ் ஏன் பூக்கவில்லை?

கேள்வி (திருவொற்றியூர்): ஊட்டியிலிருந்து வாங்கி வந்த அகபாந்தஸ் (நீல அல்லது வெள்ளைப் பூக்கொத்து விடும் அழகுச்செடி), மாடித் தொட்டியில் இலை மட்டும் செழித்து நிற்கிறதே தவிர, பூந்தண்டு விடவில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றலாமா, அல்லது சுற்றுச்சுவர் ஓரப் பாத்தியில் நட்டுவிடலாமா?

பதில் (பெரம்பூர்): தொட்டியை மாற்ற வேண்டாம், அம்மா. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இச்செடி, தன் சதைப்பற்றுள்ள வேர்கள் தொட்டியை நெருக்கி நிரப்பிய பிறகே நன்றாகப் பூக்கும். இடம் தாராளமாகக் கிடைத்தால் இலையாகவே வளரும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலான உரத்தை அளவோடு இடுங்கள். காலை வெயில் அவசியம். ஆனால் சித்திரை, வைகாசி நண்பகலில் தளத்தின் சூடு தொட்டியில் ஏறி வேரை வேகவைத்துவிடும் என்பதால், நிழல்வலை கட்டியே ஆக வேண்டும். குளிர் குறைந்த நம் ஊரில் ஊட்டியைப் போலப் பூக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பதில் (ராயபுரம்): பாத்தியில் நடுவதானால், ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் தேங்கும் நீர்தான் பெரிய எதிரி, கிழங்கு அழுகி, அடித்தண்டை அழுத்தினால் கொழகொழவென்று பிதுங்கும். பாத்தியை அரையடி உயர்த்தி, ஆற்றுமணலும் செங்கல் சில்லும் கலந்து நடுங்கள். இலையுதிர்க்கும் வகைகளுக்கு நல்ல குளிர்காலம் வேண்டும். ஆகவே என்றும் பசுமையான வகையே நமக்கு உகந்தது.

கேட்டவர்: மிக்க நன்றி. அடித்துளை வழியே வெள்ளை வேர் வெளிவந்திருப்பதால், தொட்டியிலேயே விட்டுவிடுகிறேன்.