உள்ளாட்சி அலுவலகத்தில் இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்: பகிருங்கள்

வார்டு உறுப்பினர்:
2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆனது எல்லோருக்கும் தெரியும். அதில் வந்தவள்தான் நான். முதல் கூட்டம். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார், என்னைத் தாண்டிப் போனார், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். பேனா மூடியைக்கூடத் திறந்து கொடுத்தார். இவரும் "எங்கேங்க போடணும்?" என்று குனிந்துவிட்டார்! பிடுங்கி நானே கையெழுத்துப் போட்டேன். செயலர் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. இவர் குனிந்தார் பாருங்கள், அதுதான்.

மூன்றுசக்கரம்:
வீட்டு வரி பெயர் மாற்றத்துக்குப் போனேன். நகராட்சியில் சாய்தளம் உண்டு. ஒரு அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் வேண்டும், அங்கே மொத்தமே நாலடி. மேல் முனையில் பைக் வேறு. எழுத்தர் கீழே இறங்கி வந்தார், நல்ல மனுஷர்தான். என் வண்டி மேலேயே விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, பாகப்பிரிவினை எப்போது நடந்தது, அண்ணன் ஏன் கையெழுத்துப் போடவில்லை, தகராறா என்று சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்கள் குடும்பக் கதையைக் கேட்டார்கள்.

ஓய்வுபெற்றவன்:
இறங்கி வந்தவரையும் குறை சொன்னால் நாளைக்கு எவன் இறங்கி வருவான்? ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த மேஜையை விட்டு எழுந்தாலே நாலு பேர் கத்துவார்கள்.

மூன்றுசக்கரம்:
ஐயா, அவரை யார் குறை சொன்னது? அந்தப் பைக்கை எடுக்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை என்கிறேன்.

மனு எழுதுபவன்:
காது கேளாத என் தங்கையைத் தனியாக அனுப்பினேன். டோக்கன் எண்ணை வாயால் கூப்பிட்டே கவுண்டரை மூடிவிட்டார்கள். அது இருக்கட்டும். மூன்றுசக்கரம் செய்ய வேண்டியது இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல். அதன் 44ஆம் பிரிவுப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு, கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்றே தரக் கூடாது. எனவே கட்டடம் எந்த ஆண்டு கட்டியது என்று முதலில் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நிறைவுச் சான்றின் நகலைக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே எழுத உதவ வேண்டும், இது பலருக்குத் தெரியாது. அதே மனுவில் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் எத்தனை பணியிடம் நிரப்பினீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். புகாரை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் குறைதீர் அலுவலர் அங்கே வேலை செய்பவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. அப்புறம், மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக்க 2025இல் சட்டத் திருத்தம் வந்ததே, அதற்கும் போட்டு வையுங்களேன்.

மூன்றுசக்கரம்:
மன்றக் கூடம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது.

குரூப் நான்கு:
நான் உள்ளே இருப்பவள். அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நான் தேர்வெழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாள் பக்கத்து மேஜைக்காரர், "கருணை அடிப்படையாம்மா?" என்றார். "குரூப் 4 சார்" என்றேன். "ஓ" என்றவர், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பணிப்பதிவேட்டைத் திறந்து சாதிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததும் அவசரமாக மூடவில்லை. படித்து முடித்துத்தான் வைத்தார்.

ஓய்வுபெற்றவன்:
பதிவேட்டை எடுத்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருணை வேலையா என்பது புதிதாக வரும் யாரிடமும் கேட்பதுதானே? எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எப்படி?

குரூப் நான்கு:
சரி சார். அன்றைக்கே இன்னொரு பையனும் சேர்ந்தான். அவனிடம் "காபியா, டீயா தம்பி?" என்றுதான் கேட்டார்.