மறு: ரயில் சக்கரத்தில் விழும் சப்பைக்கு என்ன சொல்?

> சப்பை கொச்சை, வடசொல் வழி வந்தது. நேமித்தட்டை என்றால் மரபு நிற்கும்.

ஐயா, வணக்கம். அறிவியல் விழாப் பலகைக்காக, ரயில் சக்கரத்தின் விளிம்பில் ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்துபோவதற்கு நம் குழு சொல் தேடுகிறது; நான் சப்பை என்றேன், நீங்கள் மறுத்தீர்கள். கன்னடத்தில் சப்பட்டெ, இந்தியில் சப்டா, யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பதை இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் மாற்றாக நீங்கள் தரும் நேமி (சக்கர விளிம்பு) ரிக் வேதத்திலேயே இருக்கிற சொல்லாயிற்றே.

எனக்கு முக்கியம், சொல் எதைக் காட்டுகிறது என்பது. ஈரத் தண்டவாளத்தில் பிரேக் இறுகி, சக்கரம் சுழலாமல் வழுக்கும்போது, தண்டவாளத்தைத் தொடும் அந்த ஓர் இடம் மட்டும் தேய்ந்து பழுக்கக் காய்கிறது. வழுக்கல் நின்றதும் சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள, கொல்லர் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கியதுபோல அவ்விடம் மார்ட்டென்சைட் என்ற எஃகு வடிவமாக மாறிவிடும். கடினம்தான், ஆனால் நொறுங்கும். அப்புறம் வெடிப்பு விட்டுச் சில்லுச் சில்லாகப் பெயரும். 860 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடினால், நொடிக்கு ஆறு தடவை அந்த இடம் தண்டவாளத்தை அடிக்கும். அதைப் போக்கக் கடைசல் இயந்திரத்தில் சக்கரம் முழுவதையும் சீவ வேண்டும், அதே அச்சிலுள்ள ஜோடிச் சக்கரத்தையும் சேர்த்து. இரண்டின் ஆயுளும் குறைகிறது.

தட்டை என்றால் என் காதுக்கு இயல்பாகவே அப்படி இருப்பது. சப்பை, அடிபட்டு ஆனது. கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா 'சக்கரத்தில் சப்பை விழுந்திருக்கு' என்றுதான் சொல்வார்.

குழுவில் பினாங்கு அக்கா சொன்ன 'சூட்டு' அழகான சொல், பெரும்பாணாற்றுப்படையில் உமணர் (உப்பு வணிகர்) வண்டிக்கு வருகிறது. ஆனால் அது ஆரக்கால்களைச் சுற்றிப் பொருத்தும் வட்டை. இன்றைய ரயில் சக்கரம் பெரும்பாலும் ஒரே துண்டு. 1998இல் ஜெர்மனியின் எஷெடே ரயில் விபத்தில் உலோகச் சோர்வால் முறிந்தது, நடுவே ரப்பர் வைத்துத் தனியாக மாட்டிய வெளிவளையம். 101 பேர் இறந்தார்கள். அந்த வளையத்துக்குச் சூட்டு என்று வைக்கலாம், இதற்குப் பொருந்தாது.

அறிவியல் விழாப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும் என்கிறார் டீச்சர். குழுவில் நால்வர் 'தட்டைப்பரப்பு' என்றுவிட்டீர்கள். சரி, தலைப்பில் அதுவே இருக்கட்டும். படத்தில் அம்புக்குறி போடும் இடத்திலாவது சப்பை என்று எழுத விடுங்கள், ஐயா.