தாத்தா பிக்கப்புக்கு டிஸ்க்கும் டயரும்

குழு: நாகலூர் வீடு

*சனிக்கிழமை*

செந்தில் காலை 7:12
📷 புகைப்படம்
எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் வில்லிஸ் பிக்கப்பை இன்று கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிவிட்டோம். எஞ்சின் நேற்றே ஸ்டார்ட் ஆகிவிட்டது. இப்போது பிரச்சினை சக்கரம்தான். ஸ்டெப்னியோடு ஐந்து டிஸ்க்கில் (டயர் உட்காரும் இரும்பு ரிம்) மூன்று ஓரம் முழுக்கத் துருவேறி, ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது. டயர் எதுவும் தேறாது என்று நினைக்கிறேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தாத்தாவை இந்த வண்டியில்தான் கூட்டிப் போக வேண்டும். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

நாகலூர் பெரியப்பா காலை 7:20
படத்தில் டயர் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாகத்தானே இருக்கிறது? நாலும் பாதிக்கு மேல் இருக்கிறதே.

சங்ககிரி மாமா காலை 7:41
பட்டனை வைத்து முடிவு செய்யாதீர்கள் மச்சான். செந்தில், பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் எண் இருக்கும். துணியால் துடைத்துப் பார். நாலு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம்.

செந்தில் காலை 8:05
மூன்று இலக்கம்தான் இருக்கிறது மாமா. நாலு டயரிலும்.

சங்ககிரி மாமா காலை 8:06
அப்படியென்றால் 2000-க்கு முன்னால் செய்த டயர். அதைப் போட்டுக்கொண்டு எஸ்டேட் கேட்டைக்கூடத் தாண்டாதே. உள்ளே நூல் செத்திருக்கும். மலை இறங்கும்போது பிரேக் சூட்டில் பக்கச் சுவர் பிளந்துவிடும்.

நாகலூர் பெரியப்பா காலை 8:30
சரி, டயர் மாற்றுவோம். அதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நம் டிராக்டர் முன் டயர் 6.00-16, அதாவது டயர் அகலம் 6 இன்ச், ரிம் 16 இன்ச். இதுவும் 16 இன்ச். புதிதாகவே கிடைக்கும், விலையும் குறைவு. பின்னால் இரண்டு மட்டும் இப்போது மாற்றிக்கொள்ளலாம்.

சங்ககிரி மாமா காலை 9:14
மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் முன் டயர் ரிம்மில் உட்காரும், காற்றும் பிடிக்கும். ஆனால் அது வயலுக்குச் செய்தது. நீளவாக்கில் மூன்று வரி ஓடும், பக்கத்தில் A6 அல்லது A8 என்று அடித்திருப்பார்கள். A6 என்றால் 30 கிலோமீட்டர் வேகம், A8 என்றால் 40. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மழையில் நனைந்த தார் ரோட்டில் அந்த மூன்று வரி எதைப் பிடிக்கும்?

இன்னொன்று, இது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும், வேக வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்னால் ஒரு உயரம், முன்னால் ஒரு உயரம் என்றால் கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு மட்டும் மாற்றும் பேச்சே வேண்டாம். நாலும் ஒரே அளவு, ஒரே கம்பெனி.

நாகலூர் பெரியப்பா காலை 9:20
மாப்பிள்ளை சொன்னால் சரிதான். எனக்கு அந்த A6 விஷயம் தெரியாது.

ஹரிஷ் காலை 10:02
செந்தில் அண்ணா, அலாய் வீலே போட்டுவிடலாமே? 17 இன்ச், அகல டயர். சும்மா அதிரும். 🔥

கவிதா காலை 10:09
வேண்டாம் ஹரிஷ். ரோட்டுக்குப் பொருந்துகிற அளவைக் கண்டுபிடிப்போம், அது போதும். 2021-ல் மிகப் பழைய வண்டிகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் விதியில் சேசிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றக் கூடாது என்றுதான் இருக்கிறது. சக்கரத்தை மாற்றினால் தவறில்லை. ஆனால் அந்த வின்டேஜ் பதிவு எடுத்தால் தினப்படிக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். காப்பி மூட்டை ஏற்ற நினைத்தால் பழைய பதிவே இருக்கட்டும்.

செந்தில் காலை 10:15
பழையதே இருக்கட்டும் கவிதா. மூட்டையும் ஏற்ற வேண்டும்.

கவிதா காலை 10:22
சரி. அப்படியென்றால் போல்ட் வட்டத்தை, அதாவது போல்ட் ஓட்டைகளின் மையம் வழியாகப் போகும் வட்டத்தின் குறுக்களவை, அளந்துவிடு அண்ணா. ஐந்து ஓட்டை என்பதால் எதிரெதிர் ஓட்டைக்கு நடுவில் அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஓட்டைகளின் மையத்தை அளந்து 1.701-ஆல் பெருக்கு. வில்லிஸ் என்றால் ஐந்தரை அங்குல வட்டம், 139.7 மில்லி. பக்கத்து ஓட்டை சுமார் 82 மில்லி வர வேண்டும்.

செந்தில் மதியம் 1:47
82 வந்துவிட்டது! ஓட்டை விளிம்பிலிருந்து அதே பக்கத்து விளிம்புக்கு அளந்தேன், மையம் தேட வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு சிக்கல். வலது பக்கம் இரண்டு சக்கரமும் கழன்றுவிட்டன. இடது முன் சக்கரத்தில் நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனரில் பைப் சொருகி மிதித்ததில் ஒரு ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) முறிந்துவிட்டது. மனசே சரியில்லை.

அஸ்தம்பட்டி அத்தை மதியம் 1:58
செந்தில் கண்ணு, மிதிக்காதே, நிறுத்து! தாத்தாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இடது பக்கம் ரிவர்ஸ் மரை, எல்லாமே எதிர்ப்பக்கம்தான் கழலும்னு சொல்லு" என்கிறார். ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்க்கச் சொல்கிறார், அங்கே எழுத்து இருக்குமாம்.

செந்தில் மதியம் 2:26
📷 புகைப்படம்
அத்தை, பாருங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததும் ஒவ்வொரு ஸ்டட் முனையிலும் "L" என்று தெளிவாகத் தெரிகிறது. மீதி நாலு நட்டும் வலது பக்கமாகத் திருப்பியதும் நெய்யாகக் கழன்றுவிட்டது. தாத்தாவிடம் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி அத்தை மதியம் 2:31
சொல்லிவிட்டேன். மதியம் சாப்பிடாமல் இருந்தவர் இப்போது சோறு கேட்கிறார்.

*ஞாயிற்றுக்கிழமை*

சங்ககிரி மாமா காலை 6:50
செந்தில், இரவு யோசித்ததை எழுதுகிறேன். இந்த வண்டிக்கு முதலில் வந்தது 7.00-16. மொத்த எடை வரம்பு 5300 பவுண்டு, கிட்டத்தட்ட 2400 கிலோ. மூட்டை ஏற்றினால் பாரம் பின்னால்தான் அதிகம். அதனால் பின் டயர் ஒன்று 800 கிலோவாவது தாங்க வேண்டும். பக்கச் சுவரில் லோட் எண் 100 இருந்தால் 800 கிலோ, 106 என்றால் 950. காருக்குப் போடுகிற டயரைப் பார்க்காதே.

இரண்டு வழி இருக்கிறது. பொலிரோ பிக்கப்புக்கு வரும் 7.00-15 எந்தக் கடையிலும் கிடைக்கும், உயரம் பழையதைவிட ஒரு அங்குலம்தான் குறைவு. ஆனால் 15 இன்ச் டிஸ்க் வேண்டும், நடு ஓட்டையும் உன் ஹப்பில் (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பாகம்) இறங்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஜீப் டிஸ்க், 16 இன்ச், அதே ஐந்து ஓட்டை. ராணுவ ஜீப்புக்கு 7.00-16 டயரை அந்த அளவு ரிம்மில்தான் போட்டார்கள். பார்க்கவும் தாத்தா வண்டியாகவே இருக்கும்.

செந்தில் காலை 6:58
16-தான் மாமா. கேட்கவே வேண்டாம்.

சங்ககிரி மாமா காலை 7:00
தெரியும். சாயங்காலம் வா, சேலத்தில் இரண்டு காயலான் கடை பார்ப்போம்.

ஹரிஷ் காலை 9:30
நானும் வருகிறேன் மாமா. இதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

*புதன்கிழமை*

செந்தில் இரவு 8:44
📷 புகைப்படம் 📷 புகைப்படம்
நாலு கடை ஏறி இறங்கி ஜீப் டிஸ்க் ஆறு பார்த்தோம். எடைக்குத்தான் தந்தார்கள். மாமா ஒவ்வொன்றையும் பார்த்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். முதலில் கம்பி பிரஷ்ஷால் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தேய்த்தார். நட்டு உட்காரும் அந்தச் சரிவு வட்டமாக இருக்கிறதா, முட்டை போல் இழுத்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவினார். நட்டு தளர்ந்து ஓடிய டிஸ்க்கில் ஓட்டை முட்டையாகிவிடுமாம். அப்படி ஒன்று இருந்தது, ஒதுக்கிவிட்டார். அப்புறம் ஹப்பில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்துக்கு நேராகச் சாக்பீஸைப் பிடித்தார். கோடு முழு வட்டமாக விழுந்தால் சரி, ஒரு பக்கம் மட்டும் தடித்து விழுந்தால் வளைந்திருக்கிறது. நாலு முழு வட்டம் வந்தது, ஐந்தாவது லேசாக ஆடுகிறது. அதை ஸ்டெப்னிக்கு வைத்துக்கொண்டோம்.

நாகலூர் பெரியப்பா இரவு 8:50
மணல் அடித்து பெயின்ட் அடிக்கும் செலவு என்னுடையது.

செந்தில் இரவு 8:52
நன்றி பெரியப்பா. 🙏 7.00-16 டயரும் சொல்லி வைத்தாகிவிட்டது, ட்யூபோடு ஐந்து.

கவிதா இரவு 9:03
ட்யூபும் 7.00-16 தானா என்று பார்த்து வாங்கு அண்ணா. 6.00-க்கான ட்யூபை இழுத்துப் போட்டுவிடுவார்கள், அது மெலிந்து ஒரு நாள் போய்விடும். முறிந்த ஸ்டட்டுக்கும் இடது மரைதான் வேண்டும், நட்டோடு சேர்த்துச் செய்யச் சொல்.

செந்தில் இரவு 9:06
லேத்தில் பழைய ஸ்டட்டைக் கொடுத்திருக்கிறேன், அதே மரையில் கடைந்து தருகிறார்கள்.

*அடுத்த செவ்வாய்க்கிழமை*

செந்தில் மாலை 5:35
📷 புகைப்படம்
நாலும் மாட்டியாகிவிட்டது. ரிம் உள்பக்கம் துருப்பொருக்கு ஒன்றுகூட இல்லாமல் தேய்த்து, ட்யூபுக்குப் பவுடர் போட்டுத்தான் ஏற்றினோம். நட்டை ஒன்று விட்டு ஒன்று என்று முடுக்கினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன், டயர் எங்கும் உரசவில்லை.

சங்ககிரி மாமா மாலை 5:48
நல்லது. 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டு எல்லாவற்றையும் மறுபடி முடுக்கு. புது பெயின்ட் நசுங்கினால் நட்டு தளரும்.

அஸ்தம்பட்டி அத்தை மாலை 6:10
செந்தில், ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை மேலே கூட்டி வருகிறோம். குப்பனூர் வழியாக வரச் சொல்கிறார். வந்ததும் முதலில் இடது முன் சக்கரத்தில் நட்டை அவரே ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டுமாம். ஸ்பேனரை வெளியே எடுத்து வைத்திரு.

செந்தில் மாலை 6:12
திண்ணையிலேயே வைத்திருக்கிறேன் அத்தை.