புலனத்தை (வாட்ஸ்அப்) விட்டு 62 பேர் கிளம்புகிறோம்: சிக்னலா, டெலிகிராமா, எண்ணே கேட்காத செயலியா?

பந்தல்பொறுப்பு
பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் குழு ஒன்றுக்காகக் கேட்கிறேன். 62 பேர், அதில் இருபது பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தொண்டூழியர் பட்டியல், நன்கொடையாளர் பெயர், அனுமதி விண்ணப்பத்துக்கான ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிச் சீட்டுப் படம் எல்லாம் வாட்ஸ்அப் புலனக் குழுவில்தான் ஓடுகிறது. இதை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு. மாதக் கட்டணம் வேண்டாம். ஆண்டிராய்டும் ஐபோனும் பாதிக்குப் பாதி. கூகுள் இல்லாத வாவே போன் மூன்று உண்டு. எந்தச் செயலி, ஏன் என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

பத்துமலைப்படி272
டெலிகிராமை முதலில் கழித்துவிடுங்கள், பேச்சு சுருங்கும். அங்கே செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) "ரகசிய அரட்டை"யில் மட்டும்தான். அதுவும் இருவருக்கு இடையில் மட்டும், நாமே தேடிப்போய்த் திறந்தால் மட்டும். குழுவுக்கு அது கிடையவே கிடையாது. குழுவில் போடுகிற ஐசி படம் அந்த நிறுவனம் திறக்கக்கூடிய நிலையில் அவர்கள் சர்வரில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் வாட்ஸ்அப்பே மேல். 2016 முதல் அங்கே எல்லா உரையாடலுக்கும் சிக்னல் பயன்படுத்தும் அதே மறையாக்க நெறிமுறைதான்.

என் ஓட்டு சிக்னலுக்கு. இலவசம், லாப நோக்கற்ற அறக்கட்டளை, மூலநிரல் திறந்து கிடக்கிறது, ஒரு குழுவில் 1000 பேர் வரை சேரலாம். கடிதத்துக்குள் இருப்பதை வாட்ஸ்அப்பும் படிக்க முடியாது. ஆனால் உறையின் மேல் எழுதியிருப்பது வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குத் தெரியும்: யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தக் குழுவில். சிக்னல் அந்த உறையையும் முடிந்தவரை வெறுமையாக வைக்கிறது. 2016இல் அமெரிக்காவில் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள்.

டெலி_சங்கம்
ராணுவ ரகசியமா பாஸ் இது? பானகமும் மோரும் யார் கொண்டுவருவது என்கிற பேச்சு. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம், புதுப் போனில் நுழைந்தால் பழைய செய்தி முழுக்க வந்து நிற்கும். ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை.

பத்துமலைப்படி272
புதுப் போனில் எல்லாம் தானாக வந்து நிற்கிறது என்றால் சாவி அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம், சகோ. நீங்கள் வசதி என்று சொல்வதுதான் என் ஆட்சேபம். 2024 ஆகஸ்டில் டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் ஐபி முகவரியும் தொலைபேசி எண்ணும் தருவோம் என்று கொள்கையை மாற்றினார்கள். கொடுப்பது சரியா தவறா என்பது வேறு பேச்சு. கொடுக்க முடிகிற நிலையில் அது அங்கே இருக்கிறது. மோர்ப் பட்டியலுக்கு டெலிகிராம் தாராளமாகப் போதும். ஐசிக்குப் போதாது.

ஓட்டைப்பானை
எல்லோரும் செயலியின் பெயரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஒரு ஐசி படம் வெளியே போகிற வழியைப் பாருங்கள். ஆண்டிராய்டு வைத்திருக்கும் ஒவ்வொருவர் கேலரியிலும் தானாகச் சேமிப்பாகும். சிலர் கூகுள் போட்டோவில் அந்த வாட்ஸ்அப் கோப்புறைக்கும் நகல் எடுப்பைப் போட்டு வைத்திருப்பார்கள், அங்கே ஏறும். ஐபோனில் "படங்களில் சேமி" திறந்திருந்தால் ஐகிளவுடில் ஏறும். இதோடு வாட்ஸ்அப் தானே எடுக்கும் அரட்டைக் காப்பு நகல் (பேக்அப்) கூகுள் டிரைவுக்கும் ஐகிளவுடுக்கும் போகிறது. நாமாகத் திறக்காவிட்டால் அந்த நகலுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. 2021லேயே வந்த வசதி, இன்றும் தானாக வருவதில்லை.

ஆக, ஊர் மாறாமலே ஓட்டையை அடைக்கலாம். அமைப்புகள், அரட்டைகள், அரட்டை நகல், முனைக்கு முனை மறையாக்க நகல்: இந்த வரிசையில் போய்க் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்துக்கொள்ளுங்கள். அதை மறந்தால் மீட்கவே முடியாது, ஆகவே தாளில் எழுதி வையுங்கள். குழு விவரத்தில் மீடியாவைக் கேலரியில் காட்டாதே என்று மாற்றுங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் (PIN) போடுங்கள். நம் ஊரில் கணக்கு பறிபோவது பெரும்பாலும் "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்க எண் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்கிற வகைதான். பின் இருந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து உள்ளே நுழைய முடியாது. 62 பேரை இழுத்துக்கொண்டு சிக்னலுக்குப் போனால் ஒரு மாதத்தில் முப்பது பேர் பழைய குழுவிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு இரண்டு குழு, இரண்டு மடங்கு குழப்பம்.

பத்துமலைப்படி272
பட்டியல் முழுவதும் சரி. ஆனால் 62 பேரும் அதைச் செய்தால்தான் பயன். உங்கள் நகலைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பூட்டாமல் விட்டால் உங்கள் செய்தி அவருடைய டிரைவில் கிடக்கும். சிக்னலில் படம் தானாகக் கேலரிக்குப் போகாது, பூட்டாத நகலும் தானாகக் கிளவுடுக்குப் போகாது. யாரும் எதையும் மாற்றத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருபது பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்கிறபோது இதுதான் கணக்கு.

ஓட்டைப்பானை
ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதைச் சிக்னல் தடுக்குமா?

பத்துமலைப்படி272
தடுக்காது. எதுவும் தடுக்காது.

எண்ணிலி
இரண்டு பேரும் ஒரே குட்டைக்குள் சண்டை போடுகிறீர்கள். மலேசியாவில் பிரிபெய்ட் சிம்கூட ஐசி காட்டிப் பதிந்துதான் வாங்க வேண்டும். சிக்னல் கணக்குத் திறக்க எண் கேட்கிறது. அப்படியானால் கணக்கின் வேர் ஐசியில்தான் இருக்கிறது. எண் கேட்காதவற்றில் மூன்று சொல்கிறேன். திரீமா சுவிட்சர்லாந்தில் இருந்து வருகிறது, எட்டு எழுத்து அடையாளம்தான் முகவரி. செஷன் 13 சொல் மீட்புத் தொடர் கொடுக்கிறது. சிம்பிளெக்ஸில் பயனர் அடையாளம் என்பதே கிடையாது. ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை, சேர்வதற்குச் சுட்டியோ கியூஆரோ.

பத்துமலைப்படி272
தொழில்நுட்பம் அழகு, மறுக்கவில்லை. இந்தக் குழுவுக்குப் பொருத்திப் பாருங்கள். திரீமா ஒரே முறைக் கட்டணம்தான், ஆனாலும் 62 பேரிடம் வசூல். சிம்பிளெக்ஸ் குழுவில் ஒருவர் அனுப்பும் செய்தி ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாகப் போகிறது. பத்துப் பேருக்குச் சுகம், அறுபது பேருக்குப் பேட்டரி கரையும், செய்தி முன்பின் ஆகும். போன் தொலைந்து, தரவுத்தளத்தை முன்கூட்டி ஏற்றுமதி செய்யவில்லையென்றால் எல்லாம் போச்சு. செஷன் சிக்னலிலிருந்து பிரிந்து வந்த பிறகு முன்னோக்கு ரகசியத்தைக் கைவிட்டது. ஒரு சாவி கசிந்தால் அந்தச் சாவிக்கு அனுப்பிய பழைய செய்திகளும் திறக்கும் என்பது அதன் விலை.

எண் பற்றிய உங்கள் கவலைக்குப் பாதி பதில் 2024 பிப்ரவரியிலிருந்து சிக்னலிலேயே இருக்கிறது. அமைப்புகளில் தனியுரிமை, தொலைபேசி எண் என்று போங்கள். "யார் பார்க்கலாம்", "யார் தேடிக் கண்டுபிடிக்கலாம்" இரண்டையும் "யாரும் வேண்டாம்" என்று வையுங்கள். பிறகு பயனர்பெயர் ஒன்று. கடைசியில் இரண்டு இலக்கமாவது வேண்டும். இப்படிச் செய்தால் குழுவில் உள்ள அந்நியர் உங்கள் எண்ணைப் பார்க்க முடியாது. தொண்டூழியப் பெண்பிள்ளைகளின் எண் புலனக் குழுவில் 61 பேருக்கும் தெரிகிறதே, அந்தத் தொல்லை இதோடு தீரும்.

எண்ணிலி
மற்றவர் பார்க்க மாட்டார், சிக்னல் பார்க்கும். பதிவுக்கான குறுஞ்செய்தியை அனுப்பும் நிறுவனமும் பார்க்கும். 2022 ஆகஸ்டில் அப்படிக் குறுஞ்செய்தி அனுப்பிய டுவிலியோ நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் ஏறக்குறைய 1,900 சிக்னல் பயனர் எண்கள் வெளிப்பட்டன. எண் என்று ஒன்று இருந்ததால்தானே?

பத்துமலைப்படி272
உண்மை. அதனால்தான் பதிவுப் பூட்டு வேண்டும் என்கிறேன். அமைப்புகளில் கணக்கு, அங்கே பதிவுப் பூட்டு. குறுஞ்செய்தி எண்ணைப் பிறர் பிடித்தாலும் பின் இல்லாமல் உங்கள் பெயரில் பதிய முடியாது. இதில் ஒரு பள்ளமும் உண்டு: பின்னை மறந்து புதுப் போனுக்குப் போனால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, டாப்அப் செய்யாமல் விட்ட பிரிபெய்ட் எண் கொஞ்ச காலத்தில் வேறொருவர் கைக்குப் போகும். அவர் அந்த எண்ணில் சிக்னல் திறந்தால் பழையவர் கணக்கு விழும். குழுவில் "பாதுகாப்பு எண் மாறியது" என்று வந்தால் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சர்வர்சாமி
மேட்ரிக்ஸ் யாரும் சொல்லவில்லையே, நாமே சர்வர் வைத்து நடத்தும் அரட்டை வலை அது. மாத வாடகைக்கு 2 ஜிபி நினைவகத்தோடு ஒரு சர்வர், அதில் சினாப்ஸ் என்கிற சர்வர் மென்பொருள், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், போனில் எலிமென்ட் செயலி. தரவு நம் கையில். 2025 அக்டோபர் 20இல் அமேசான் சர்வர்கள் விழுந்தபோது சிக்னலும் சேர்ந்து விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா?

ஓட்டைப்பானை
அதற்கு முந்தைய மாதம் மேட்ரிக்ஸ்.ஆர்க் சர்வரும் தரவுத்தளக் கோளாறில் படுத்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. சாமி, அறையின் பெயர், தலைப்பு, யார் உறுப்பினர் என்பதெல்லாம் மேட்ரிக்ஸில் மறையாக்கம் ஆவதில்லை. சர்வர் நடத்துபவர் பார்க்கலாம். மெட்டாவிடமிருந்து எடுத்துக் குழுச் செயலாளரின் மருமகனிடம் கொடுப்பதா? மீட்புச் சாவியைத் தொலைத்தவருக்கு "இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை" என்றே வரிசையாக வரும். அவர் யாரைக் கூப்பிடுவார்? உங்களைத்தான், ராத்திரி பதினொரு மணிக்கு.

சர்வர்சாமி
மருமகன் அடி கொஞ்சம் பலம் லா. சரி, 62 பேருக்கு விடுகிறேன்.

பிறை_அக்கா
வாக்குவாதம் போதும் தம்பிகளா. சிக்னல் என்று முடிவானால் எங்கே விழும் என்று சொல்கிறேன்.

முதல் புகார் "மெசேஜ் வரவே இல்லை." சியாவ்மி, ஓப்போ, விவோ போன்கள் பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும். போன் அமைப்பில் சிக்னலைத் தேடி, பேட்டரியில் "கட்டுப்பாடு இல்லை" என்று வையுங்கள், தானியங்கித் தொடக்கத்தைத் திறந்துவிடுங்கள். சியாவ்மியில் இவை இரண்டு தனித்தனி இடம். ஒன்றை மட்டும் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள்.

வாவே மூன்றுக்கும் சிக்னலின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் ஏபிகே (ஆண்டிராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) இறக்குங்கள். கூகுள் சேவை இல்லாவிட்டால் செயலி தானே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும், மேலே ஓர் அறிவிப்பு நிரந்தரமாக நிற்கும். அதை இடைஞ்சல் என்று நிறுத்தினால் செய்தி வராது. யாராவது புலனத்தில் ஏபிகே கோப்பை அனுப்பி "இதுதான் சிக்னல்" என்றால் தொடவே கூடாது. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கிற கும்பல் நாட்டில் இருக்கிறது.

இரண்டாவது புகார் மூன்று மாதம் கழித்து வரும்: "செயலி காலாவதி ஆகிவிட்டதாம்." பழைய பதிப்பு ஏறக்குறைய 90 நாளில் வேலை செய்வதை நிறுத்திவிடும். வயதானவர் போனில் தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது கியூஆர். குழுவில் சேர என்று யாராவது அனுப்பும் படத்தை ஸ்கேன் செய்து, சிக்னல் "புதிய கருவியை இணைக்கவா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அது குழு அழைப்பு இல்லை, உங்கள் கணக்கை வேறொரு கணினிக்குத் திறந்துவிடுவது. உக்ரைன் ஆட்களைக் குறிவைத்து இதே தந்திரம் நடந்ததைக் கூகுள் 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. மறையாக்கத்தை உடைக்கவில்லை, ஆளை ஏமாற்றினார்கள். மாதம் ஒரு முறை "இணைத்த கருவிகள்" பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தல்பொறுப்பு
நன்றி அக்கா. ஐசி நகலைச் சிக்னலில் போடலாம்தானே?

ஓட்டைப்பானை
இங்கேதான் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐசி எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். 62 பேரும் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? எந்தச் செயலியானாலும் குழுவில் போடாதீர்கள். விண்ணப்பம் பார்ப்பவர் ஒருவருக்குத் தனியாக அனுப்பட்டும். அனுப்பும் முன் நகலின் குறுக்கே இரண்டு கோடு, நடுவில் "தைப்பூசப் பந்தல் அனுமதிக்கு மட்டும்" என்று மலாயில், தேதியோடு. முகத்தையும் எண்ணையும் கோடு தொட்டுப் போக வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

பத்துமலைப்படி272
இதில் முழுச் சம்மதம். கூடவே, அந்தத் தனி அரட்டையில் "மறையும் செய்தி" (குறித்த காலத்தில் தானாக அழிவது) அமைப்பை ஒரு நாளுக்கு வையுங்கள். குழுவுக்கு நான்கு வாரம், அதுதான் பட்டியலில் உள்ள அதிகபட்சம். போனே கையை விட்டுப் போனால் மறையாக்கம் உதவாது. போலீஸ் சோதனையில் கடவுச்சொல்லைக் கேட்க இந்நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 116பி பிரிவு இடம் தருகிறது. போனில் இல்லாததை யாரும் எடுக்க முடியாது.

எண்ணிலி
நன்கொடையாளர் பட்டியல் வைத்திருக்கும் மூன்று நான்கு பேராவது திரீமாவில் இருக்கட்டும். அத்தனை பேருக்குக் கட்டணம் பெரிதில்லை.

பந்தல்பொறுப்பு
செயற்குழு 14 பேர் முதலில் சிக்னலுக்குப் போகிறோம். பட்டியல், கணக்கு அங்கே. 62 பேர் புலனக் குழுவில் அறிவிப்பு மட்டும், நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிட்டு. திரீமாவைக் கணக்காளரிடம் கேட்டுப் பார்க்கிறேன். சிக்னல் குழுச் சுட்டியைப் புலனத்தில் போட்டால் மற்றவர்களும் மெல்ல வந்துவிடுவார்கள்தானே?

பிறை_அக்கா
சுட்டி போட்டால் யார் யாருக்கோ ஃபார்வர்டு ஆகும் தம்பி. குழு அமைப்பில் "புதியவருக்கு நிர்வாகி ஒப்புதல்" என்பதைத் திறந்த பிறகு போடுங்கள், எல்லோரும் வந்ததும் சுட்டியை மாற்றிவிடுங்கள். நிர்வாகி ஒருவர் மட்டும் என்று வைக்காதீர்கள், இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் போனைத் தொலைத்தால் குழுவுக்குச் சாவியே இல்லாமல் போகும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் கூட்டத்தில் இணையம் திணறினால் எந்தச் செயலியும் ஒன்றுதான். பணிப் பட்டியலை முந்தின நாளே தாளில் அச்சடித்துப் பந்தல் கம்பத்தில் கட்டிவிடுங்கள். ஐசி எண் இல்லாமல்.