அம்மம்மா வீட்டைத் திறந்து விடுவமோ?

(குழு: எங்கட வளவு)

நான்: எல்லாருக்கும் வணக்கம். நேற்றுப் பின்னேரம் வாசிகசாலையில கூட்டம் நடந்தது. ஏப்ரல் 18 உலக மரபுரிமை நாள் எண்டபடியா அண்டைக்கு எங்கட பக்கத்துப் பழைய கட்டடங்களை ஆக்களுக்குக் காட்டுறதுக்கு ஒரு நாள் வைப்பம் எண்டு முடிவு. சனிக்கிழமைதான், புது வருசம் முடிஞ்ச கையோட வருது. யாழ்ப்பாணம் நல்லூரில இருக்கிற பழைய இடங்கள், யமுனா ஏரி, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு பாத்துக்கொண்டு பிறகு எங்கட ஒழுங்கையில மிஞ்சியிருக்கிற நாற்சார் வீடுகளுக்கு, நடுவில முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டின வீடுகளுக்கு, வாறது. அதில அம்மம்மா வீட்டையும் திறந்து விடுவியளோ எண்டு கேக்கினம். பெரியமாமா என்ன சொல்லுறியள்

அம்மா: எந்த வீடு, அந்த வீட்டையோ? மேற்குப் பக்க அறை ஒழுகுது, முன்சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கொட்டுண்ணுது, ஊராக்களைக் கூப்பிட்டு அதையோ காட்டப் போறியள்

தம்பி: யாழ்ப்பாணக் கோட்டையையும் பொது லைப்ரரியையும் விட்டிட்டு ஏன் வீடுகள் அக்கா. அங்க வைச்சா கனபேர் வருவினம், படமும் வடிவா வரும்

நான்: கோட்டைக்கு எங்கட ஆக்கள் போகாமலோ இருக்கினம். பின்னேரத்தில போய்ப் பார், சுவரில ஏறி நிண்டு கடலைப் பின்னுக்கு வைச்சு படம் எடுத்திட்டு இறங்கி வந்திடுவினம். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கினதை 1658ல ஒல்லாந்தர் பிடிச்சு பிறகு இப்ப இருக்கிற ஐங்கோண வடிவில பெருப்பிச்சவை எண்டதோ, அதுக்குள்ள 1706ல ஒல்லாந்தர் கட்டின குருசுக் கோயில் எண்ட தேவாலயம் ஒண்டு இருந்து சண்டையில இடிஞ்சு கல்லுக்குவியலாப் போனதெண்டதோ ஆர் நிண்டு சொல்லுறது? கட்டடத்தைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் பக்கத்தில நிக்கோணும், அதுதான் எங்கட எண்ணம்

பெரியமாமா: பிள்ளை சொல்லுறது சரி. லைப்ரரியை எடுங்கோ. வாற ஆக்கள் எல்லாரும் முன்னால சரஸ்வதி சிலையடியில நிண்டு படம் எடுக்கினம், நல்லது, எடுக்கட்டும். ஆனா அந்தக் கட்டடம் எப்பிடி வந்ததெண்டு இப்பத்தைப் பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ. 1933ல செல்லப்பா எண்டவர் தன்ர வீட்டில புத்தகங்களை அடுக்கி வைச்சு சனங்களுக்கு வாசிக்கக் குடுத்ததில தொடங்கின கதை அது. பிறகு ஊர்ப் பெரியாக்கள், லோங் அடிகளார் போல ஆக்கள் எல்லாம் சேர்ந்து காசு திரட்டி, இந்தியாவில இருந்து நூலகத்துறைக்கு ரங்கநாதனையும் கட்டடக்கலைக்கு நரசிம்மனையும் கூப்பிட்டு யோசனை கேட்டு, 1959ல தான் திறந்தது. ஒருத்தற்ற வீட்டு அறையில தொடங்கினது எண்ட ஒரு விசயத்தைப் பிள்ளையளுக்குச் சொன்னாலே காணும் எண்டு நான் நினைக்கிறன், தாங்களும் ஏதாவது தொடங்கலாம் எண்டு அதுகளுக்குப் படும்

பெரியமாமா: 1981 மே 31 இரவு எரிச்சதைப் பற்றி நான் இதில எழுத விரும்பேல்லை, 97,000 புத்தகம் எண்டு எல்லாருக்கும் பாடம். பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் பத்திரிசியார் கல்லூரி மாடியில நிண்டு அந்த நெருப்பைப் பாத்த அதிர்ச்சியில உயிரை விட்டவர். அதையும் சொல்லோணும், ஆனா அது மட்டும்தான் அந்தக் கட்டடத்தின்ர கதை எண்டு ஆக்கிப் போடக் கூடாது. நாங்கள் அதுக்குள்ள இருந்து படிச்சனாங்கள், சோதினைக் காலத்தில இடம் பிடிக்க ஓடினனாங்கள். அதையும் ஆரும் சொல்ல வேணும்

குஞ்சியம்மா: ஓம் அண்ணை அந்த மேசையளும் காத்தும் இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு

ரொறன்ரோ சித்தப்பா: இஞ்ச இப்ப விடியக்காலமை, இப்பதான் எழும்பிப் பாக்கிறன். நல்ல விசயம். ரொறன்ரோவில 2000ம் ஆண்டில இருந்து மே மாசத்தில ஒரு சனி ஞாயிறு நகரத்தில இருக்கிற கன கட்டடங்களைக் காசு வாங்காமல் சனத்துக்குத் திறந்து விடுவினம். சும்மா நாளில உள்ளுக்குப் போகேலாத இடங்களும் இருக்கும். நானும் பிள்ளையளும் ஒருமுறை ஏரிக்கரையில இருக்கிற தண்ணி சுத்திகரிக்கிற ஆலைக்குப் போனனாங்கள். நீங்கள் நம்ப மாட்டியள், உள்ளுக்கு மாபிளும் பித்தளையுமா மாளிகை போல இருக்குது, வரிசையில நிண்டுதான் உள்ளுக்குப் போனது. அங்க வேலை செய்யிற ஆளே நிண்டு எங்கட குழாயில வாற தண்ணி எப்பிடி வருதெண்டு சொன்னவர், பிள்ளையளுக்கு அதுதான் மனசில நிண்டது, மாபிள் இல்லை

நான்: அதுதான் சித்தப்பா, அதுதான் நாங்களும் செய்யப் போறது. புழங்கின ஆள் கதைக்கோணும்

லண்டன் மச்சாள்: இஞ்சயும் 1992ல இருந்து செப்டெம்பரில நடக்குது. பெரிய கட்டடங்கள் மட்டுமில்லை மச்சாள், ஆக்கள் இப்பவும் குடியிருக்கிற வீடுகளையும் திறந்து விடுவினம், வீட்டுக்காரரே வாசலில நிண்டு வாங்கோ எண்டு கூப்பிட்டு இந்தச் சுவரை ஏன் இப்பிடிக் கட்டினது, யன்னல் ஏன் இந்தப் பக்கம் எண்டு சொல்லுவினம். மாமி கூச்சப்படாதேங்கோ. ஆக்கள் வீடு துப்பரவோ எண்டு பாக்க வாறேல்லை

அம்மா: உங்கட ஊரில அப்பிடி. இஞ்ச வந்தா முதல்ல ஒழுக்கைத்தான் பாப்பினம்

பெரியமாமா: அப்ப இப்பிடிச் செய்வம். முன்சுவரைக் கொத்தி சீமெந்து பூசி நல்ல பெயின்ற் ஒண்டு அடிச்சு விடுறன். மேசனைக் கேட்டனான், ஒரு கிழமை வேலை எண்டவர். திண்ணைக்கும் ரைல்ஸ் போட்டா பாக்க ஒரு மாதிரி இருக்கும்

சின்னண்ணா: மாமா தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ. வேலையில நிண்டு எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும். அந்தச் சுவர் வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்துக்குள்ள இருந்து ஈரம் கல்லு வழியா மேல ஏறும், அது எந்தப் பழைய சுவரிலயும் நடக்கும், சுண்ணாம்பெண்டா அந்த ஈரம் வெளியால காய்ஞ்சு போயிடும், சுவர் மூச்செடுக்கிற மாதிரி. நீங்கள் அதுக்கு மேல சீமெந்து பூசினா ஈரம் வெளியால வர வழியில்லை, உள்ளுக்க நிண்டு இன்னும் மேல ஏறும், ஈரத்தோட வாற உப்பு பூச்சுக்குப் பின்னால கட்டியாகி பூச்சைத் தள்ளும். அம்மா சொல்லுற உப்புப் பூத்த இடம் எது? யன்னலுக்குக் கீழ. அந்த இடம் முந்தி ஆரோ சீமெந்து பூசின இடம். மிச்சச் சுவரில தொட்டுப் பாருங்கோ ஒண்டுமில்லை

சின்னண்ணா: பெயின்ற்றும் அப்பிடித்தான், பிளாஸ்ரிக் பெயின்ற் அடிச்சா சுவரை மூடிக் கட்டின மாதிரி. சுண்ணாம்புதான் அடிக்கோணும். சுண்ணாம்பை முதலே ஊறப் போட்டு வைக்கோணும், மெல்லிசா மெல்லிசாப் பூசி ஒவ்வொண்டும் காய விட்டு அடுத்தது. அவசரத்துக்கு வராது, காத்துப் பட்டு மெதுவாத்தான் இறுகும். அந்த வேலை தெரிஞ்ச வயசான மேசன்மார் இப்பவும் ஊருக்குள்ள இருக்கினம், ஆனா கூப்பிட ஆளில்லாமல் அவையும் சீமெந்துக்கு மாறிட்டினம்

பெரியமாமா: எனக்கு இவ்வளவும் ஆரும் சொல்லேல்லை. அப்ப அந்தச் சுவரை என்ன செய்யிறது

நான்: அண்ணா எனக்கு ஒரு யோசனை. அந்தச் சுவரை அப்பிடியே விட்டு அதையே காட்டினா என்ன? ஒரு பக்கம் சீமெந்து பூசிக் கொட்டுண்ட துண்டு, பக்கத்தில ஒண்டும் ஆகாத பழைய சுண்ணாம்பு. பழைய வீடு வைச்சிருக்கிற எத்தினை பேர் வருவினம், அவை எல்லாருக்கும் இது தெரியோணும். நாலு வீடெண்டாலும் பிழைக்கும்

சின்னண்ணா: அருமை. நான் அந்த வயசான மேசன் ஐயா ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன், ஒரு சதுர அடி கொத்தி சுண்ணாம்பு பூசிக் காட்டட்டும். பிள்ளையள் கை வைச்சுப் பாக்கலாம், ஆனா சுண்ணாம்பு கண்ணிலயும் தோலிலயும் பட்டா கூடாது, கையுறை வேணும், அதை நான் பாக்கிறன். அவருக்குக் கூலியும் குடுக்கோணும், சும்மா கூப்பிடக் கூடாது

ரொறன்ரோ சித்தப்பா: கூலி நான் போடுறன். மேற்கு அறை ஓட்டுக்கும் போடுறன், பீலி ஓடு கிடைக்குமோ

சின்னண்ணா: இடிக்கிற வீடுகளில கேட்டு எடுக்கலாம் சித்தப்பா. ஓட்டைத் தாங்கிற கூரைச் சிலாகை எல்லாம் பனை, வைரம் பாய்ஞ்ச மரம், அதுக்கு ஒண்டும் ஆகேல்லை. ஓடு மாத்தினாக் காணும்

குஞ்சியம்மா: எல்லாரும் சுவரையும் ஓட்டையும் கதைக்கிறியள், நான் ஒண்டு சொல்லட்டோ. உந்த நிகழ்ச்சியளுக்கு நான் போய்ப் பாத்திருக்கிறன், வழிகாட்டுறவை எப்பவும் ஆர் கட்டினது, எந்த ராசா, எந்த வெள்ளைக்காரன் எண்டுதான் சொல்லுவினம். மணிக்கூட்டுக் கோபுரமெண்டா 1875ல இங்கிலாந்து இளவரசர் வந்து போனதுக்கு ஞாபகமாக் கட்டினது, பழைய கச்சேரியெண்டா வெள்ளைக்கார அரசாங்க அதிபர் டைக் துரை. அதுக்குள்ள ஆர் கூட்டினது, ஆர் சமைச்சது, ஆர் தண்ணி அள்ளினது எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை

குஞ்சியம்மா: நாற்சார் வீட்டில முற்றம் எண்டா பொம்பிளையளின்ர உலகம். வெளியில போகாமல் வெய்யிலும் மழையும் வானமும் எங்களுக்கு அங்கதான். நெல்லு காயப் போடுறது, மிளகாய் காயப் போடுறது, மழை பெய்தா நாலு பக்கக் கூரையிலயும் விழுற தண்ணிக்குக் கிடாரத்தை வைச்சுப் பிடிக்கிறது. மூத்தக்காவின்ர கலியாணமும் அந்த முற்றத்தில பந்தல் போட்டுத்தான், அம்மாவைக் கிடத்தினதும் அங்கதான். அடுக்களை இருட்டா இருக்கெண்டு வாற ஆக்கள் எட்டிப் பாத்திட்டுப் போவினம், நான் அதுக்குள்ள நிண்டு கதைக்கிறன். பிள்ளை நீ என்னை அங்க போடு

நான்: குஞ்சியம்மா உங்களை அடுக்களை வாசலில போட்டாச்சு. நீங்கள் கதைக்கிறதை போனில பதியவும் போறம், பழைய படங்களையும் ஸ்கான் பண்ணி நூலகம் நிறுவனத்துக்குக் குடுக்கலாம், இணையத்தில ஆவணமா இருக்கும். ஆரிட்டயாவது அந்த வீட்டின்ர பழைய படம் இருந்தா அனுப்புங்கோ, சங்கடப்படலையோட இருந்த காலத்துப் படம் கட்டாயம் வேணும்

லண்டன் மச்சாள்: (படம்) அப்பாவின்ர பெட்டியில இருந்தது. படலைக்கு மேல கிடுகுக் கூரை தெரியுது பாருங்கோ, ரெண்டு பக்கமும் இருக்க திண்ணை மாதிரி

பெரியமாமா: அதேதான். றோட்டால நடந்து போற ஆக்கள் வெய்யிலுக்கு அதில இருந்திட்டுப் போவினம், மண்பானையில தண்ணி இருக்கும். வீட்டுக்காரரைக் கேக்கத் தேவையில்லை. படலை எங்கட, நிழல் ஊருக்கு. மதில் கட்டேக்க அதை எடுத்தது

தம்பி: மாமா இப்பிடி றோட்டுக்கே கூரை போட்ட மடம் ஒண்டு பருத்தித்துறையில இருக்கெல்லோ, தெருமூடி மடம். பஸ்ஸில போகேக்க கண்டனான், றோட்டே அதுக்குள்ளால போகுது, ரெண்டு பக்கமும் தூணும் திண்ணையும். அதுக்குப் பக்கத்தில ஒருநாளும் இறங்கிப் பாக்கேல்லை

பெரியமாமா: பாக்க வேண்டிய இடம். மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உரஞ்சிற ஆவுரஞ்சிக் கல்லு எண்டு ஊருக்கு ஊர் வழிப்போக்கருக்காகக் கட்டி வைச்சதுகள். கோட்டை அரசாங்கத்தின்ர, அதைப் பாதுகாக்கத் திணைக்களம் இருக்கு. சுமைதாங்கியை றோட்டு அகலிக்கேக்க இயந்திரத்தால தள்ளிப் போட்டுப் போனா கேக்க ஒரு நாதியில்லை. வருசா வருசம் செய்யிறதெண்டா அடுத்த முறை அதுகளுக்குப் போவம், சைக்கிளில

தம்பி: பெடியளைச் சேத்து இப்பவே ஒவ்வொரு ஊரிலயும் எங்க சுமைதாங்கி இருக்கெண்டு மப்பில குறிப்பம். நான் செய்யிறன்

அம்மா: எனக்கொரு விசயம். தலைவாசல் தூணில ஷெல் துண்டு பட்ட ஓட்டை இருக்கு. அதை அடைச்சு விடுவமோ, பாக்க வாற ஆக்களுக்கு என்னத்துக்கு அது

நான்: அம்மா அடைக்க வேண்டாம். 1995ல சண்டையால சனம் இடம்பெயரேக்க நீங்கள் வீட்டைப் பூட்டிப் போட்டு நடந்து போனது, திரும்பி வந்து பாக்கேக்க கதவு நிலை இல்லாமல் இருந்தது, அதெல்லாம் அந்த வீட்டின்ர கதைதானே. அந்தத் தூணடியில நீங்கள் நில்லுங்கோ. கனக்கக் கதைக்கத் தேவையில்லை, கேட்டா மட்டும் சொல்லுங்கோ

அம்மா: என்னால ஏலுமோ தெரியேல்லை. பாப்பம்

குஞ்சியம்மா: நான் பக்கத்தில நிப்பன் அக்கா

சின்னண்ணா: ஒழுங்குகளைச் சொல்லுங்கோ. மந்திரிமனைக்குத் தொல்லியல் திணைக்களத்தில கேக்காமல் உள்ளுக்கு ஏற்றக் கூடாது, மரமெல்லாம் உக்கிப் போய் இருக்கு, அது பாதுகாக்கப்பட்ட சின்னம் வேற. வெளியில நிண்டு மரவேலைப்பாட்டைக் காட்டினாலும் காணும்

நான்: வாசிகசாலையால கடிதம் குடுத்தாச்சு. காலமை 6.30க்கு யமுனா ஏரியடியில தொடங்கிறது, வெய்யில் ஏற முதல் அங்கால பக்கம் முடிச்சிடுவம், பகர வடிவத்தில இருக்கிற அந்தக் குளத்தைச் சுத்திப் புல்லு வெட்டிறதும் முதல் நாள் எங்கட ஆக்கள்தான். ஒரு குழுவில 15 பேருக்கு மேல வேண்டாம், வீட்டுக்குள்ள அதுக்கு மேல கொள்ளாது, ஒருத்தர் சொல்லுறது மற்றவைக்குக் கேக்கவும் வேணும். நடக்க ஏலாத வயசானவைக்கு ஒரு ஓட்டோ பிடிச்சு நேர ஒழுங்கைக்குக் கூட்டி வாறம், அவைதான் முக்கியமான ஆக்கள்

பெரியமாமா: சரி, நான் சீமெந்து மேசனை வேண்டாமெண்டு சொல்லிட்டன். ரைல்ஸும் இல்லை. தலைவாசல் கதவின்ர சாவி என்னட்ட, 6 மணிக்குத் திறந்து வைக்கிறன். தேத்தண்ணி நான் போடுறன், ஒருத்தரும் கடையில வாங்காதேங்கோ

தம்பி: நான் படலையடியில ஆக்களை எண்ணி விடுறன்

அம்மா: பின்வளவுப் பக்கம் ஒருத்தரையும் விடாதேங்கோ, கிணத்துக்கட்டு வெடிச்சிருக்கு. தம்பி நீ அதில ஒரு கயிறு கட்டு, வெள்ளிக்கிழமையே கட்டு. நான் வந்து பாப்பன்